வலையில் ஏறிய பட்டாணிப்பூ

போன வாரம் நாவலூரில் மகனுடைய ஒன்பதாவது மாடி வீட்டைச் சுற்றிப் பார்த்த தெய்வநாயகி, பால்கனியில் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "இங்க வெயில் வருமா?" அதோடு சரி. கார் கேளம்பாக்கம் தாண்டி, திருப்போரூர் தாண்டி, கல்பாக்கம் நகரியத்துக்கு வந்து சேருகிறவரை அவள் வாயைத் திறக்கவில்லை.

சும்மா இருக்கிற வாயில்லை அது. எதிர்வீட்டுப் பூனை இளைத்திருந்தால்கூடக் காரணம் விசாரிக்கிறவள். அதனால் அந்த ஒரு கேள்வியை வீட்டில் ஆளுக்கு ஒரு விதமாக எடுத்துக்கொண்டார்கள். துணி காயுமா என்று கேட்கிறாள் என்று கணவர் ராமானுஜம் நினைத்தார். அத்தைக்கு வீடு பிடிக்கவில்லை என்று மருமகள் அனு நினைத்தாள். மகன் பிரவின்குமார் என்ன நினைத்தான் என்பதில்தான் இந்த வாரத்து வம்பெல்லாம் இருக்கிறது.

நமக்கு மட்டும் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. நகரியத்துக்குப் பக்கத்திலேயே, சதுரங்கப்பட்டினத்தில், கோட்டைக்குப் பின்தெருவில், முன்னாலும் பின்னாலும் மண் உள்ள ஒரு ஓட்டு வீடு வாடகைக்கு இருக்கிறது. தெய்வநாயகி வீட்டில் யாருக்கும் சொல்லாமல் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். பார்த்த நாளிலிருந்து மனசு அங்கேயே கிடக்கிறது.

ராமானுஜம் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் வேலை பார்த்து செப்டம்பரில் ஓய்வு பெற்றவர். அதற்குப் பிறகும் குவார்ட்டர்ஸில் தங்கக் கிடைத்த அவகாசம் வருகிற திங்கட்கிழமையோடு முடிகிறது. அன்றைக்குச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். நாவலூருக்குப் போவதென்று அப்பாவும் மகனும் ஃபோனிலேயே பேசி முடித்துவிட்டார்கள். அவர்கள் பேசி முடித்தபோது தெய்வநாயகி அடுப்படியில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

*

சனிக்கிழமை பொழுது வெளுப்பதற்குள் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டாள்.

தோட்டம் என்றதும் பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். குவார்ட்டர்ஸின் பின்பக்கம், துணிக்கொடிக்கும் எலுமிச்சை மரத்துக்கும் நடுவில் நீளமாக ஒரு பாத்தி. அதன்மேல் இரண்டு கம்பம் நட்டு, மீன்காரி தனக்கோடியின் கணவன் மாரி கொடுத்த பழைய மீன்வலையை விறைப்பாகக் கட்டியிருந்தாள். வலை முழுக்கப் பூ. ஊதா, ரோஸ், வெள்ளை, நாவல்பழ நிறத்தில் ஒன்று. அகத்திப்பூவைச் சின்னதாக்கிச் சாயம் ஏற்றினாற்போல் இருக்கும். வாசனை மட்டும் அகத்திக்குக் கனவிலும் வராத வாசனை.

ஊட்டிக்குப் போனபோது வாங்கி வந்த விதை. பேர் ஸ்வீட் பீ. அந்தப் பேரை நாலு பேர் நடுவில் சொன்னால் சிரிக்கிறார்கள் என்பதால் தெய்வநாயகி அதற்குப் பட்டாணிப்பூ என்று தானே பேர் வைத்துவிட்டாள்.

"பட்டாணி காய்க்குமா?" என்று ராமானுஜம் அப்போதே கேட்டார்.

"காய்க்கும். தின்னா ஆகாது."

"மாலை தொடுக்கலாமா?"

"காம்பு நிக்காது."

"சாமிக்கு?"

"வைக்கலாம். யாரும் வச்சதில்ல."

"அப்ப எதுக்குத்தான் இது?"

முந்தின வருஷங்களில் போட்டதெல்லாம் கடல்காற்றில் கருகிப்போயிற்று. அவளும் விடுகிற ஆள் இல்லை. இந்தத் தடவை ஐப்பசியில் ஒவ்வொரு விதையின் தோலையும் நகவெட்டியால் லேசாகக் கீறி, ராத்திரி முழுக்க ஊறப்போட்டு விதைத்தாள். கிழக்குப் பக்கம் சாக்குப் படுதா கட்டிக் காற்றை மறித்தாள். மாரி கொடுத்த வலையை நல்ல தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசி, நாக்கில் வைத்து, உப்புப் போய்விட்டதா என்று பார்த்த பிறகுதான் கம்பத்தில் கட்டினாள். அடைமழைக்குக் குடை பிடிக்காத குறைதான். பொங்கலுக்கு முதல் பூ விட்டது.

இந்தச் செடிக்கு ஒரு குணம். தினமும் பூவை வெட்ட வேண்டும். ஐயோ பாவம் என்று விட்டுவைத்தால் காய் பிடிக்கும். காய் பிடித்துவிட்டால் தன் வேலை முடிந்தது என்று கடையைச் சாத்திவிடும். அதனால் தெய்வநாயகி காலையில் வெட்டி, தெரு முழுக்கக் கொடுப்பாள். பாதிப் பேர் அதை என்ன செய்வதென்று தெரியாமல் டம்ளரில் போட்டு வைத்தார்கள்.

காலி பண்ணப் போகிறவள் எதற்கு விதை போட்டாள் என்று தெருவில் பேச்சு இருந்தது. அதற்குப் பதில் அந்த எலுமிச்சை மரத்தில் இருந்தது. அது அவள் நட்ட மரமில்லை. அவர்கள் குடிவந்த அன்றைக்கே காய்த்துத் தொங்கியது. யார் நட்டது என்று தெரியாமலே இத்தனை வருஷம் ஊறுகாய் போட்டிருக்கிறாள். நகரியத்தில் யாரும் எழுதி வைக்காத வழக்கம் அது. வீட்டைக் காலி பண்ணுகிறவர்கள் நட்டதைப் பிடுங்கிக்கொண்டு போக மாட்டார்கள். தன் முறைக்கு, வரப்போகிறவர்கள் பின்கதவைத் திறந்தால் பூவாக இருக்கட்டும் என்று அவள் நினைத்தாள். நினைத்ததை வாய்விட்டு யாரிடமும் சொல்லவில்லை.

"எம்மா!"

வேலிக்கு வெளியே தனக்கோடி கூடையை இறக்கினாள்.

"இன்னிக்கு மீன் வேணாம் தனக்கோடி. மலைக்குப் போறோம்."

"தெரியும், தெரியும். மீனு விக்கவா வந்தேன்? வூடு இன்னா ஆச்சு? வூட்டு ஓனரு செங்கல்வராயன் அண்ணாத்த இன்னிக்குப் பொழுது சாயற வரைக்கும்தான் டைம் குடுத்துக்கீறாரு. அப்பால செங்கல்பட்டுல கீற பார்ட்டிக்குத் தந்துடுவாரு."

"மெதுவாப் பேசேன்."

"இன்னும் வூட்ல சொல்லவே இல்லியா நீ?" தனக்கோடி தலையில் கை வைத்தாள். "இன்னாம்மா இது பேஜாரு! ஊருக்கெல்லாம் வாய் குடுக்கற. உன் வூட்டுக்காரருகிட்ட ரெண்டு வார்த்த பேச மாட்டேன்ற."

"மலையில வச்சு சொல்றேன்."

"சாமி எதிர சொன்னாத்தான் கேப்பாரா உங்க சாரு? சரி, சொல்லு. சொல்லிட்டு எனக்கு ஒரு போனு அடி." கிளம்பும்போது வலையை அண்ணாந்து பார்த்தாள். "எங்க வூட்டுக்காரரு வலையில வஞ்சிரம் ஏறும்னு பாத்துகினு கீறேன். உன் வலையில பாரு, பூவா ஏறிகினு போவுது."

தெய்வநாயகி வெட்டிய பூவில் ஒரு கொத்தைக் கொடுத்தாள். தனக்கோடி கூடையில் செருகப் போனாள்.

"ஐயே, மீனோட வைக்காத!"

"வாசன மீனுக்குப் போவட்டுமே, இன்னா இப்போ?" என்று சிரித்துக்கொண்டே முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

*

திருக்கழுக்குன்றத்துக்குப் போகலாம் என்ற யோசனை பிரவின்குமாருடையது. முந்தின நாளே அனுவோடு காரில் வந்து இறங்கியவன், "ரெண்டு பேரும் நிம்மதியா மலைக்குப் போய்ட்டு வாங்கப்பா. மூட்டை கட்டறதை நாங்க பாத்துக்கறோம்" என்றான். மகனுக்கு எவ்வளவு பொறுப்பு என்று ராமானுஜம் நெகிழ்ந்துபோனார். இவ்வளவு பொறுப்பு அவனுக்கு எங்கிருந்து வந்தது என்று தெய்வநாயகிக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும். வீடு பற்றிய கவலையில் தோன்றவில்லை.

படியேறி, தரிசனம் முடித்து, பிராகாரத்து நிழலில் உட்கார்ந்தார்கள். காற்று நன்றாக வந்தது. பக்கத்தில் நின்ற குடும்பத்தில் யாரோ, "அதோ பாரு, கடல் தெரியுது. பக்கத்துல உசரமா ஒரு புகைபோக்கி நிக்குது பாரு, அதான் கல்பாக்கம்" என்று கை காட்டினார்கள். எல்லோரும் கிழக்கே திரும்பினார்கள். ராமானுஜம் மட்டும் எழுந்து, தூணுக்கு அந்தப் பக்கம் போய், மேற்கே பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

கண் கூசுகிறது போலிருக்கிறது என்று தெய்வநாயகி நினைத்தாள். அவளும் எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிரசாதப் பொட்டலத்தை மடியில் வைத்து இரண்டு தடவை பிரித்து மூடினாள்.

"ஏங்க, ஒரு விஷயம்..."

"பிரவின் பாவம், லீவு போட்டுட்டு வந்து தனியாக் கஷ்டப்படறான். கிளம்பலாமா?"

"இருங்க, நான் சொல்ல வந்தது..."

"எதுவா இருந்தாலும் நாவலூர் போய் நிதானமாப் பேசிக்கலாம் நாயகி."

நாவலூர் போன பிறகு பேச அதில் என்ன இருக்கிறது? தெய்வநாயகிக்குச் சுரீரென்று வந்தது. ஆனால் அவர் முகம் வாடியிருந்தது. கோயிலில் வைத்துச் சண்டை எதற்கு, வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம், சாயந்திரம் வரை நேரம் இருக்கிறதே என்று பொட்டலத்தைப் பையில் போட்டாள்.

*

ஆட்டோ வாசலில் நின்றபோது உச்சிவெயில். காருக்குப் பின்னால் கறுப்புப் பைகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் தென்னை நார்க் கழிவைக் கொட்டி, நடுவில் ஒரு பட்டாணிக்கொடி. குச்சி நட்டு நூலால் கட்டியிருந்தது. வலை அழகாகச் சுருட்டி டிக்கியில் இருந்தது.

"அம்மா, சர்ப்ரைஸ்!"

முழங்கை வரைக்கும் மண்ணோடு பிரவின்குமார் ஓடி வந்தான்.

"அன்னைக்கு பால்கனியில வெயில் வருமான்னு கேட்டீங்கல்ல? அப்பவே புரிஞ்சுபோச்சும்மா எனக்கு. செடியை விட்டுட்டு வர மனசில்லாமத்தானே கேட்டீங்க? காலை வெயில் நல்லா வருதும்மா, ரெண்டு நாள் நின்னு பாத்தேன். நாளைக்கே கொண்டுபோய் வலையைக் கட்டிடறேன். நீங்க வந்து இறங்கறப்ப உங்க தோட்டம் அங்க இருக்கும்!"

தெய்வநாயகிக்குக் கோபம் வந்தால் ஊர்ப்பேச்சு வந்துவிடும். பிறந்தது அம்பாசமுத்திரம். "ஏல..." என்று ஆரம்பித்தாள்.

அதற்குள் அவன் கை கண்ணில் பட்டது. மண்வெட்டி பிடித்துப் பழகாத கை. உள்ளங்கையில் கொப்புளம். சின்ன வயதில் கீழே விழுந்த தோசைக்கரண்டியைக்கூட எடுத்துக் கொடுக்காத பிள்ளை, யாரும் சொல்லாமல், அம்மா கேட்ட ஒரு கேள்வியை ஒரு வாரம் மனசில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறான். அதைத் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறான் என்பது வேறு விஷயம்.

"நல்லா பண்ணியிருக்க ராசா," என்றாள்.

பொய்தான். கொடிகளின் நுனி அப்போதே தலையைத் தொங்கப்போட்டிருந்தது. பட்டாணிப்பூவுக்கு வேரில் கை வைத்தால் ஆகாது. முளைத்த கொஞ்ச நாளிலே மாற்றி நட்டாலே சிணுங்கும். பூத்துக் குலுங்குகிற கொடியை வெயிலில் பிடுங்கினால் கேட்கவே வேண்டாம்.

"பாத்தியா உன் பையனை!" என்று ராமானுஜம் மகன் முதுகில் தட்டினார். "நீ நினைக்காததையெல்லாம் யோசிச்சிருக்கான்."

தெய்வநாயகி வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். பாத்தியில் குழிகுழியாக இருந்தது. இரண்டு கம்பம் மட்டும் நின்றது. திங்கட்கிழமை சாவி வாங்கிக்கொண்டு யாரோ வருவார்கள், கதவைத் திறப்பார்கள், இதைத்தான் பார்ப்பார்கள். இங்கே இருந்தவர்கள் செடியைக்கூட விடாமல் பிடுங்கிக்கொண்டு போனார்கள் என்று பேசுவார்கள். அந்த நினைப்பு வந்ததும் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

*

"அத்தை, எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா தடுத்திருப்பேன். உள்ள பாத்திரம் கட்டிக்கிட்டு இருந்துட்டேன்."

அனு வந்து எலுமிச்சை மரத்தடியில் நின்றாள். திருமணமான நாளிலிருந்து இவர்கள் இருவருக்கும் பெரிய சண்டையும் இல்லை, பெரிய ஒட்டுதலும் இல்லை. இரண்டு பேருமே மரியாதையாக இருந்துவிட்டார்கள்.

"அவன் ஆசையாத்தான் பண்ணினான்," என்றாள் தெய்வநாயகி.

"ஆசையாத்தான் பண்ணினாரு. ஆனா பிழைக்காது இல்ல?"

தெய்வநாயகி மண்ணைக் காலால் தள்ளி ஒரு குழியை மூடினாள்.

"உங்களுக்கு அங்க வர இஷ்டம் இல்லைன்னு எனக்குத் தெரியும் அத்தை. எனக்கு வருத்தம்லாம் கிடையாது. ஏன்னு மட்டும் சொல்லுங்க. நீங்களும் இந்தச் செடி மாதிரிதானா? இங்கிருந்து எடுத்தா வாடிடுவீங்களா?"

தெய்வநாயகிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகைக்கு நடுவில் வந்த சிரிப்பு.

"நானா? நான் எங்கடி வாடறது? அம்பாசமுத்திரத்துல ஆத்துத் தண்ணியில வளந்தவளை இந்த உப்புக்காத்துல கொண்டாந்து நட்டாங்க. செத்தா போனேன்? ஒன்பதாவது மாடி என்ன, இன்னும் ஒன்பது மாடி மேல வச்சாலும் நான் பிழைச்சுக்குவேன். அது எல்லாருக்கும் தெரியும். இவ எப்படியும் பிழைச்சுக்குவான்னு தெரிஞ்சதனாலதான் எங்க இருக்கறேன்னு என்னை யாரும் கேக்கறதே இல்ல."

சொன்ன பிறகு அவளுக்கே அது புதிதாகத்தான் இருந்தது. மனசில் இப்படி ஒன்று இருக்கிறது என்று இவ்வளவு நாள் அவளே எடுத்துப் பார்த்ததில்லை.

அனு கிட்டே வந்து, "சரி, நான் கேக்கறேன். எங்க இருக்கணும் உங்களுக்கு?" என்றாள்.

தெய்வநாயகி சொன்னாள். கோட்டைக்குப் பின்தெரு, ஓட்டு வீடு, செங்கல்வராயன், இன்றைக்குச் சாயந்திரம் வரை கெடு, எல்லாம் சொன்னாள். மண்ணை அள்ளி முகர்ந்து பார்த்ததைக்கூடச் சொன்னாள். கேட்டுக்கொண்டே நின்ற அனு சட்டென்று நிமிர்ந்து மரத்தைப் பார்த்தாள்.

"அத்தை, இங்க பாருங்க."

வலையின் கடைசிக் கண்ணியிலிருந்து தாவி, ஒரே ஒரு கொடி எலுமிச்சைக் கிளைக்குள் ஏறியிருந்தது. முள்ளுக்குப் பயந்தோ, கண்ணில் படாமலோ, பிரவின்குமார் அதை விட்டுவிட்டான். உள்ளே நாலு ஊதாப்பூ.

"இதைத் தொடாத. இது வரப்போறவங்களுக்கு," என்றாள் தெய்வநாயகி. "வா. அவங்க ரெண்டு பேர் கிட்டயும் சொல்லிடறேன்."

*

அவள் சொல்வதற்கு முன்பே பிரவின்குமார் பேசினான். பைகளை எல்லாம் நிழலுக்கு மாற்றி, தண்ணீர் ஊற்றி, மறுபடி ஊற்றி, வேட்டி நனைந்து நின்றான். கொடிகள் குச்சியிலிருந்து சரிந்து, பையின் விளிம்பில் மடிந்து கிடந்தன.

"என்னம்மா இப்படி ஆயிடுச்சு? வீடியோவில சொன்ன மாதிரிதானே பண்ணினேன்?"

"இதை வேரோட எடுத்தா பிழைக்காதுப்பா."

"மத்தியானமே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் நல்லா பண்ணியிருக்கன்னு சொன்னீங்க? எடுக்கலாமா வேணாமான்னு முன்னாடியே சொல்லியிருக்கலாம்லம்மா?"

"நீ என்னைக் கேக்கலியே பிரவின்."

அவன் முகம் சுண்டிப்போயிற்று. அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் இந்த வாசலில் நின்று இன்றைக்கும் சொல்லாவிட்டால் இனி எந்த ஜென்மத்திலும் சொல்லப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

"செடியை மட்டும் சொல்லல. நாவலூருக்கு வர்றதையும் நீங்க என்னைக் கேக்கல. எனக்கு இங்கதான் இருக்கணும். சதுரங்கப்பட்டினத்துல ஒரு வீடு பாத்து வச்சிருக்கேன். மண்ணு இருக்கற வீடு. உன் வீட்டுக்கு மாசத்துக்கு நாலு தடவை வேணா வர்றேன். இருந்து சமைச்சுப் போட்டுட்டு வர்றேன். ஆனா என் வீடு அது."

பிரவின்குமார் அனுவைப் பார்த்தான். அனு, "நியாயம்தானே?" என்றாள். அவன் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தான். கோபமா, துக்கமா என்று அவனுக்கே பிடிபடவில்லை. "சரிம்மா," என்று மட்டும் சொல்லிவிட்டு, செத்த கொடிகளில் மிச்சமிருந்த பூவை ஒவ்வொன்றாகப் பறித்துத் தட்டில் வைக்க ஆரம்பித்தான்.

தெய்வநாயகி தனக்கோடிக்கு ஃபோன் போட்டாள்.

"தனக்கோடி, வீடு எடுத்துக்கறோம்னு அவர்கிட்ட சொல்லிடு."

"எம்மா... நான் இப்பத்தான் அண்ணாத்தயப் பாத்துட்டு வரேன்," என்றாள் தனக்கோடி. "வியாயக்கெழமையே உங்க சாரு வந்து வோணாம்னு சொல்லிட்டுப் போய்ட்டாராமே? எங்க வூட்டுக்காரருதான் வூடு விஷயத்த உங்க சாருகிட்ட தெரியாம ஒளறிகீறாரு போல. அவுரு வந்தது எனக்கு சத்தியமாத் தெரியாதும்மா."

"யாரு வந்தது?"

"உங்க சாருதான்மா, ராமானுஜம் சாரு. அண்ணாத்த சொல்றாரு, புருசன் ஒண்ணு சொல்றாரு, பொஞ்சாதி ஒண்ணு சொல்றாங்க, நாளைக்குக் காலீல ரெண்டு பேரும் ஒண்ணா வந்து சொல்லட்டும், அதுக்கு மேல காத்துகினு இருக்க மாட்டேன்றாரு."

*

ராமானுஜம் உள்ளே, புத்தகப் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். வாசலில் நடந்ததெல்லாம் அவர் காதில் விழாமல் இருந்திருக்க முடியாது. அவர் வெளியே வரவும் இல்லை. விளக்கு வைக்கிற நேரம். யாரும் விளக்குப் போடவில்லை.

தெய்வநாயகி பெட்டிக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள். வரும்போது நாக்கில் அம்பாசமுத்திரம் முழுசாகக் கூடியிருந்தது. தெரிந்தே மறைத்தீரா, ஒரு வார்த்தை கேட்க உமக்கு வாய் வரவில்லையா என்று கேட்கத்தான் வந்தாள். மலையில், அதான் கல்பாக்கம் என்று யாரோ கை காட்டியதும், அவர் தூணைச் சுற்றிக்கொண்டு போய் உட்கார்ந்தது ஏனோ அப்போது ஞாபகம் வந்தது. உட்கார்ந்திருந்ததோ நிழலில். அவ்வளவாகக் கண் கூசுகிற வெயில் இல்லை அது.

"ஏங்க, உங்களுக்கு எங்க இருக்கணும்?" என்று கேட்டாள்.

ராமானுஜம் கயிற்றைப் பிடித்தபடியே இருந்தார்.

"இங்க இருக்க முடியாது நாயகி."

"ஏன்?"

"நவம்பர்ல ஒரு கையெழுத்து விஷயமா நிலையத்துக்குள்ள போயிட்டு வரேன்னு கிளம்பினேன்ல? கேட்ல புதுசா ஒரு பையன் இருந்தான். யாரைப் பாக்கணும் சார்னு கேட்டான். மரியாதையாத்தான் கேட்டான், அவன் மேல தப்பே இல்ல. எனக்கு யார் பேரைச் சொல்றதுன்னு தெரியல. கார்டு இல்லாம அந்த வாசல்ல நின்னதே இல்லையே நான். திரும்பி வந்துட்டேன்."

"போன வேலை முடிஞ்சுதுன்னுல்ல வந்து சொன்னீங்க."

"சொன்னேன்."

கயிற்று நுனியை விரலில் சுற்றிக்கொண்டே அவர் தொடர்ந்தார். "தினம் அந்த ஸ்டாஃப் பஸ் போறதைப் பாத்துக்கிட்டு, நாம ஏறாம நின்னுக்கிட்டு... என்னால முடியாது. கண் காணாத இடத்துக்குப் போயிடணும் எனக்கு. உனக்கு எங்கேயும் பழகிடும்னு நினைச்சேன்."

தெய்வநாயகிக்கு அழுகை வந்தது. தனக்காகவா, அவருக்காகவா என்று பிரித்துச் சொல்ல முடியாது. நவம்பரிலிருந்து இந்த மனிதர் இதை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே சாப்பிட்டு, பக்கத்திலேயே தூங்கியிருக்கிறார். என்னை யாரும் கேட்கவில்லை என்று மத்தியானம் முழுக்க ஆத்திரப்பட்டாளே, இவரை அவள் ஒரு தடவையாவது கேட்டிருக்கிறாளா?

"வீட்டை உள்ள போய்ப் பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல. வாசல்ல நின்னே வேணாம்னு சொல்லிட்டு வந்துட்டேன். உள்ள போனா எனக்கே பிடிச்சுப்போயிடுமோன்னு பயம்."

"நாளைக்குக் காலையில ரெண்டு பேரும் ஒண்ணா வந்து சொல்லணுமாம். இல்லேன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவாராம்."

ராமானுஜம் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். பிறகு அந்த முடிச்சையே அவிழ்த்தார்.

"எத்தனை மணிக்கு?"

"வர்றீங்களா?"

"பாக்கறேன்னுதான் சொல்றேன் நாயகி. சரின்னு சொல்லல."

அவள் தலையாட்டினாள். வாசலிலிருந்து பிரவின்குமார் பூத்தட்டைக் கொண்டுவந்து இருவருக்கும் நடுவில் பெட்டிமேல் வைத்துவிட்டு, பேசாமல் போனான். வாடிய கொடியில் பறித்த பூவென்று சொல்ல முடியாது. இருட்டில் வாசனை நன்றாகத்தான் வந்தது. ராமானுஜம் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார். இத்தனை நாளில் அவர் அதைக் கையில் எடுத்தது அதுதான் முதல் தடவை.

அந்த வீட்டைப் பற்றி அவரிடம் சொல்லாத ஒன்று இன்னும் பாக்கியிருந்தது. பின்பக்க மண்ணில் எந்த மூலையில் நின்றாலும், தென்னைகளுக்கு மேலே, நிலையத்துப் புகைபோக்கி பளிச்சென்று தெரியும். பாத்தி எங்கே போடுவது என்று இடம் பார்த்தபோதே அவள் கவனித்திருந்தாள். சொல்லிவிட வேண்டியதுதான் என்று வாயெடுத்தாள். கேட்காததற்கும் சொல்லாததற்கும் ஊரையே ஏசி முடித்த நாள் இது.

"ஏங்க..."

"என்ன?"

பூவைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஒண்ணுமில்ல," என்றாள் தெய்வநாயகி. "காலையில சீக்கிரமாப் போயிடலாம். அங்க வெயில் நல்லா வரும்."